காலாப்பட்டா, டெல்லியா, பட்டறையா? நாடகம் படிக்க நினைக்கும் பிள்ளைகளுக்கு

கடலூரிலோ புதுச்சேரியிலோ ஒரு பிள்ளை "நாடகம் படிக்கப் போகிறேன்" என்று வீட்டில் வாய் திறந்தால் உடனே வரும் கேள்வி இதுதான்: "அங்கே படிச்சவங்க யாராவது பெரிய ஆளா வந்திருக்காங்களா?" என் அக்கா மகள் பி.ஏ. முடித்துவிட்டுத் திருப்பாதிரிப்புலியூரில் வீட்டில் இருக்கிறாள். அவளுக்கும் இதே கேள்வி வந்தது. "மாமா, யுனிவர்சிட்டியில சேரட்டுமா, மெட்ராஸ் போகட்டுமா, இல்ல என்.எஸ்.டி.க்கு முயற்சி பண்ணட்டுமா?" என்று என்னிடம் கேட்டாள். யுனிவர்சிட்டி என்று அவள் சொன்னது காலாப்பட்டில் இருக்கும் புதுவைப் பல்கலைக்கழகம், என்.எஸ்.டி. என்பது டெல்லியில் இருக்கும் தேசிய நாடகப் பள்ளி. புதுச்சேரியில் பல ஆண்டுகளாக நாடகம் பார்த்துக்கொண்டு, நாடகக்காரர்களோடு பழகிக்கொண்டு இருப்பவன் என்ற முறையில் அவளுக்குச் சொன்னதை இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முன்னாள் மாணவர்களைப் பார்த்து ஒரு பள்ளியை எடைபோடுவது சரியான வழிதான். ஆனால் பட்டியலின் உச்சியில் இருக்கும் இரண்டு மூன்று பெயர்களை மட்டும் பார்த்தால் ஒன்றும் தெரியாது. படிப்பு முடிந்த பிறகு முதல் பத்து வருடம் அவர்கள் எப்படிச் சாப்பிட்டார்கள், எந்த மொழியில் வேலை செய்தார்கள், யார் அவர்களுக்குச் சம்பளம் கொடுத்தது, ஊர் திரும்பினார்களா என்று பார்க்க வேண்டும். அப்போதுதான் அந்தப் பள்ளி எந்த மாதிரி வாழ்க்கைக்கு ஆளைத் தயார் செய்கிறது என்பது புரியும்.

டெல்லியிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் கனவு அங்கேதான் ஆரம்பிக்கிறது. தேசிய நாடகப் பள்ளி 1959-ல் சங்கீத நாடக அகாதெமியின் கீழ் தொடங்கியது. 1975-ல் தனி அமைப்பானது. இப்ராகிம் அல்காஸி 1962 முதல் 1977 வரை இயக்குநராக இருந்து அதற்கு ஒரு கறாரான ஒழுங்கைக் கொடுத்தார். மூன்று வருடப் படிப்பு, தேர்வாகிவிட்டால் உதவித்தொகையும் உண்டு. நசீருதீன் ஷா, ஓம் புரி, ரோகிணி ஹட்டங்கடி, பங்கஜ் கபூர், இர்ஃபான் கான், சீமா பிஸ்வாஸ், நவாசுதீன் சித்திக்கி, பங்கஜ் திரிபாதி என்று நீளும் பட்டியல் யாரையும் மயக்கும்.

இதில் இரண்டு பேரை மட்டும் எடுத்துக்கொள்வோம். நவாசுதீன் அங்கே படித்து முடித்தது 1996-ல். நாடு முழுக்க அவர் முகம் தெரிந்தது 2012-ல். நடுவில் பதினாறு வருடம் சின்னச் சின்ன வேடங்கள். பங்கஜ் திரிபாதி 2004-ல் முடித்தார், அவருக்கும் திருப்பம் 2012-ல்தான் வந்தது. இருவரும் இந்தி பேசும் ஊர்களில் பிறந்தவர்கள், இந்தி சினிமாவுக்குப் போனவர்கள். அவர்களுக்கே இத்தனை காலம் ஆனது. கடலூர்ப் பிள்ளை முதலில் மொழியைத் தாண்ட வேண்டும், அப்புறம்தான் மற்றது. இந்தியிலும் ஆங்கிலத்திலும் புழங்கத் தெரிந்திருக்க வேண்டும் என்று சேர்க்கை விதியிலேயே இருக்கிறது. அதோடு, ஏற்கெனவே சில நாடகங்களில் பங்கெடுத்த அனுபவத்தையும் கேட்கிறார்கள். கல்லூரி ஆண்டு விழாவில் ஒரே ஒரு முறை மேடையேறிய பிள்ளைக்கு என்.எஸ்.டி. இந்த வருடத்துக்கான தேர்வே இல்லை. இரண்டு வருடம் கழித்து யோசிக்க வேண்டியது அது.

தமிழர்கள் போகாமல் இல்லை. பேராசிரியர் செ. ராமானுஜம் அங்கே படித்துத் திரும்பினார். 1977-ல் காந்திகிராமத்தில் நடந்த நாடகப் பயிற்சிப் பட்டறையில் மலையாள நாடகாசிரியர் ஜி. சங்கரப்பிள்ளையோடு அவர் இருந்தார். தமிழ் நவீன நாடகத்தின் முதல் தலைமுறைக்கு அந்தப் பட்டறை ஒரு தொடக்கம். பிறகு தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராகி, பல நாடகங்களை இயக்கி, தன் வாழ்நாளை அதிலேயே செலவிட்டார். நடிகர் சண்முகராஜன் இன்னொருவர். சினிமாவில் அறியப்பட்ட பிறகும் மதுரைப் பக்கம் நாடகப் பயிற்சியை அவர் விடவில்லை.

பக்கத்து மாநிலத்தைப் பாருங்கள். பி.வி. காரந்த் என்.எஸ்.டி.யில் படித்தார், பின்னால் அதன் இயக்குநராகவும் இருந்தார், கர்நாடகத்துக்குத் திரும்பி 1989-ல் மைசூரில் ரங்காயணத்தை உருவாக்கினார். அது அரசு நடத்தும் நாடகக் குழு. அங்கே நடிகர்களுக்கு மாதச் சம்பளம். கன்னடத்தில் நாடகம் படித்தவருக்கு "அடுத்து என்ன?" என்ற கேள்விக்கு ஒரு பதிலாவது இருக்கிறது. தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் அப்படி ஒன்று இல்லை. நம் முன்னாள் மாணவர்களின் வாழ்க்கையை முடிவு செய்ததில் அவர்களுடைய திறமையை விட இந்த இல்லாமைக்குப் பெரிய பங்கு உண்டு என்று நான் நினைக்கிறேன். நம் ஊரில் நாடகம் படித்தவருக்கு மூன்று வாசல்தான்: சினிமா, ஆசிரியர் வேலை, சொந்தக் குழு. எந்தப் பள்ளி எந்த வாசலுக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

சினிமா வாசலுக்குப் பக்கத்தில் இருப்பது சென்னைக் கூத்துப்பட்டறை. நாடகாசிரியர் ந. முத்துசாமி 1977-ல் தொடங்கிய நாடகக் குழு. பல்கலைக்கழகம் இல்லை, பட்டம் இல்லை. ஆனால் பசுபதி, கலைராணி, குரு சோமசுந்தரம், விமல், விதார்த், ஜார்ஜ் மரியான் என்று அங்கிருந்து திரைக்கு வந்தவர்கள் ஏராளம். விஜய் சேதுபதி பெயரையும் எல்லோரும் சேர்த்துச் சொல்வார்கள். அவர் அங்கே சேர்ந்தது கணக்கு எழுதும் வேலைக்கு. நடிகர்கள் பயிற்சி செய்வதைப் பக்கத்தில் இருந்து பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டவர். பயிற்சி நடக்கும் இடத்தில் தினமும் இருப்பதே எவ்வளவு கொடுக்கும் என்பதற்கு அவர் நல்ல சாட்சி.

பசுபதி அங்கே பத்து வருடத்துக்கு மேல் இருந்தார். குரு சோமசுந்தரம் 2002-ல் சேர்ந்து 2011 வரை இருந்தார். அவர்கள் நடிப்பில் நாம் பார்க்கிற உடல் கட்டுப்பாடு, குரல், ஒரு சின்ன வேடத்திலும் ஆளை நிறுத்திப் பார்க்க வைக்கும் தன்மை எல்லாம் அந்த வருடங்களில் வந்தது. புரிசை என்ற கிராமத்துத் தெருக்கூத்தின் அடவுகளையும் நவீன நாடகத்தையும் ஒரே உடம்பில் பழகிய காலம் அது. அந்தக் காலம் எப்படிச் சாத்தியமானது? ஃபோர்டு அறக்கட்டளை போன்ற இடங்களிலிருந்து நிதி வந்தபோது முழுநேர நடிகர்களுக்கு மாதா மாதம் ஒரு தொகை கொடுக்க முடிந்தது. சோற்றுக்கு வழி இருந்ததால் பயிற்சியில் இருந்தார்கள். முத்துசாமி 2018 அக்டோபரில் காலமானார். இன்றைக்குச் சென்னைக்கு நடிப்புப் படிக்கப் போகிறவர் அதே பத்து வருடத்தை எதிர்பார்த்துப் போகக் கூடாது. கூத்துப்பட்டறையோ வேறு எந்த நடிப்புப் பயிற்சி மையமோ, பயிற்சி எத்தனை மாதம், கட்டணம் எவ்வளவு, முடிந்த பிறகு குழுவில் தொடர்ந்து நடிக்க இடம் உண்டா என்று நேரில் கேட்டுவிட்டுத்தான் பணம் கட்ட வேண்டும். சென்னையில் அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் இரண்டு வருடம் சமாளிக்க முடியும், சினிமாதான் வேண்டும் என்று மனத்தில் தெளிவாக இருக்கிறது என்றால் சென்னைக்குப் போகலாம். அதில் எனக்கு மறுப்பு இல்லை.

இப்போது நம்ம ஊர். புதுவைப் பல்கலைக்கழகம் 1985-ல் வந்தது. அதன் நாடகப் பள்ளிக்குச் சங்கரதாஸ் சுவாமிகள் பெயர். நாடக உலகம் தலைமையாசிரியர் என்று கொண்டாடும் அவர் 1922 நவம்பரில் காலமானது புதுச்சேரியில்தான். கருவடிக்குப்பத்தில் அவர் சமாதி இருக்கிறது. ஆண்டுதோறும் நாடகக் கலைஞர்கள் வந்து வணங்கும் இடம். காலாப்பட்டுக்குப் பஸ்ஸில் போகிற பிள்ளைகள் ஒரு நாளாவது இறங்கிப் பார்க்க வேண்டும்.

பள்ளியின் ஆரம்ப காலத்தில் தலைமை ஏற்றவர் இந்திரா பார்த்தசாரதி. பின்னால் கே.ஏ. குணசேகரன் வந்தார். நாட்டார் பாடலைக் கல்விக்கூடத்துக்குள் கொண்டுவந்தவர், தலித் அரங்கைப் பற்றி எழுதியும் நாடகமாக்கியும் காட்டியவர், தன்னானே குழுவோடு ஊர் ஊராகப் பாடியவர். 2016 ஜனவரியில் புதுச்சேரியில் காலமானார். நவீன நாடக இயக்குநர் வ. ஆறுமுகம் அங்கே ஆசிரியராக இருந்தார். விமர்சகர் அ. ராமசாமி சில ஆண்டுகள் அங்கே கற்பித்துவிட்டுத் திருநெல்வேலிக்குப் போனார். ஒருபக்கம் எழுத்து, இன்னொரு பக்கம் நாட்டார் கலை, மூன்றாவதாக உடலை முன்வைக்கும் நவீன அரங்கு. இந்த மூன்றும் ஒரே கூரையின் கீழ் இருந்தது காலாப்பட்டின் தனிச் சிறப்பு.

இங்கே படித்தவர்கள் யார் என்று கேட்டால் சினிமாப் போஸ்டரில் தேடாதீர்கள். வேலு சரவணனைப் பாருங்கள். காலாப்பட்டில் நாடகம் படித்து, ஆழி என்ற குழந்தைகள் நாடகக் குழுவை உண்டாக்கி, கோமாளித் தொப்பியோடு பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போனவர். 'கடல் பூதம்' நாடகத்தைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் எத்தனை பேர்! பெரிய மேடை, விளக்கு எதுவும் கிடையாது. பள்ளி மைதானத்தில் மரத்தடியில் நிற்பார், ஐந்து நிமிடத்தில் மொத்தப் பள்ளியும் கத்திக்கொண்டு அவர் பின்னால் இருக்கும். பிறகு தான் படித்த இடத்திலேயே ஆசிரியராகவும் வந்தார். குழந்தைகளுக்காகவே ஒரு வாழ்க்கையைக் கொடுத்த நாடகக்காரர் தமிழில் மிகக் குறைவு. ஒரு பள்ளியின் பெருமைக்கு இது போதும் என்பது என் எண்ணம்.

காலாப்பட்டில் படித்தவர்களில் எனக்குத் தெரிந்த பலருடைய வாழ்க்கை இந்தப் பக்கம்தான் போகிறது. கல்லூரியில் ஆசிரியர், தனியார் பள்ளியில் நாடக வகுப்பு எடுப்பவர், தொண்டு நிறுவனங்களோடு சேர்ந்து கிராமங்களில் நாடகம் போடுபவர், நாட்டார் கலையில் முனைவர் பட்ட ஆய்வு செய்பவர், ஊரில் சொந்தமாக ஒரு குழு வைத்திருப்பவர். நடுநடுவே சினிமாவில் இரண்டு காட்சிகளில் முகம் காட்டுவார்கள். இதைக் குறைவாக நினைப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. மாதம் பிறந்தால் வீட்டு வாடகை கொடுத்து, வருடத்துக்கு ஒரு நாடகமாவது மேடையேற்றி, இருபது முப்பது வருடம் நாடகத்திலேயே இருப்பது பெரிய விஷயம்.

அதற்கு அந்த முதுகலைப் பட்டம் உதவுகிறது, இதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். எந்த இளநிலைப் பட்டம் இருந்தாலும் விண்ணப்பிக்கலாம். படிப்பு இரண்டு வருடம். இப்போது சேர்க்கை மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத் தேர்வு வழியாக நடக்கிறது. மத்தியப் பல்கலைக்கழகம் என்பதால் கட்டணம் தனியார் நடிப்பு மையங்களைப் போலக் கையைக் கடிக்காது. யு.ஜி.சி. நடத்தும் நெட் தேர்வில் நிகழ்த்துகலை ஒரு பாடம். அதில் தேறினால் உதவிப் பேராசிரியர் வேலைக்கு விண்ணப்பிக்கலாம். இளநிலை ஆய்வாளர் உதவித்தொகைக்கும் தேர்வாகிவிட்டால் முனைவர் பட்டம் செய்யும்போது மாதம் 37,000 ரூபாய் கிடைக்கும். கூத்துப்பட்டறையின் பொற்காலத்தில் அறக்கட்டளைப் பணம் செய்த வேலையை இன்றைக்கு இந்த உதவித்தொகைதான் செய்கிறது: சில வருடங்களுக்குச் சோற்றுக் கவலை இல்லாமல் நாடகத்தோடு இருக்கலாம். அத்தானிடம் நான் இதைத்தான் முதலில் சொன்னேன். பெண்ணைப் பெற்றவருக்கு நசீருதீன் ஷா பெயரை விட இந்த எண் பேசும்.

குறையும் இருக்கிறது. இரண்டு வருடம் நடிகருக்குப் போதாது. நடிப்பு, இயக்கம், ஒளியமைப்பு, நாடக இலக்கியம், நாட்டார் கலை என்று எல்லாவற்றையும் தொட வேண்டியிருப்பதால் உடலையும் குரலையும் ஊறப்போடும் நேரம் குறைவு. இந்தக் குறையைப் புதுச்சேரியே கொஞ்சம் தீர்த்துவைக்கிறது, அதனால்தான் நான் காலாப்பட்டின் பக்கம் சாய்கிறேன்.

ஆரோவில் பக்கம் ஆதிசக்தி இருக்கிறது. வீணாபாணி சாவ்லா 1981-ல் மும்பையில் தொடங்கி 1993-ல் இங்கே கொண்டுவந்த குழு. மூச்சு, குரல், உடல் ஆகியவற்றை ஒன்றோடொன்று கோத்துப் பயிற்சி கொடுக்கும் அவர்களுடைய தங்கிப் படிக்கும் பட்டறைகளுக்கு நாடெங்கிலும் இருந்து நடிகர்கள் வருகிறார்கள், இந்தி சினிமாக்காரர்கள் உட்பட. 2014-ல் வீணாபாணி மறைந்த பிறகும் வினய்குமாரும் நிம்மி ரஃபேலும் அதை உயிரோடு வைத்திருக்கிறார்கள். நகரத்துக்குள், ரோமன் ரோலன் வீதியில், பழைய பாத்தே சினிமாக் கொட்டகையில் இந்தியநோஸ்ட்ரம் குழு. குமரன் வளவன் 2007-ல் தொடங்கியது. பாரிஸின் தியேத்ர து சொலேய் குழுவை நடத்தும் அரியான் முனுஷ்கின் 2015 கடைசியில் புதுச்சேரிக்கு வந்து பயிற்சிப் பள்ளி நடத்தினார். அடுத்த வருடம் பாரிஸில் அவர்கள் போட்ட நாடகத்தில் தெருக்கூத்துப் பகுதிகள் இருந்தன, கற்றுக்கொடுத்தவர் புரிசை சம்பந்தன் தம்பிரான். செய்யாறு பக்கத்துக் கிராமத்துக் கலையைப் பாரிஸ்காரர்கள் வந்து தேடும்போது, காலாப்பட்டில் படிக்கிற பிள்ளை சனி ஞாயிறில் அறையில் படுத்துக் கிடக்கலாமா? காலாப்பட்டு, ஆதிசக்தி, இந்தியநோஸ்ட்ரம் மூன்றும் ஒரு மணி நேரப் பஸ் தூரத்துக்குள் இருக்கிற ஊர் தமிழில் வேறு எது?

கூத்தையும் ஒரு தனி வழியாகவே சொல்ல வேண்டும். கடலூர், விழுப்புரம் பக்கத்தில் திரௌபதி அம்மன் திருவிழாக் காலத்தில் இரவு முழுக்கக் கூத்து நடக்கிறது. ஒரு வாத்தியாரிடம் சேர்ந்து அடவும் பாட்டும் பழகி, ஜமா எனும் கூத்துக் குழுவோடு ஊர் ஊராகப் போய், வேடம் கட்டி வளர்ந்தவர்களின் குரலும் தெம்பும் எந்தப் பள்ளியிலும் வராது. வருமானம் சீசனுக்குத்தான், மற்ற மாதங்களில் வேறு வேலை வேண்டும். குருவிடம் சில ஆண்டுகள் பயின்ற 18 முதல் 25 வயது வரையுள்ள கலைஞர்களுக்கு மத்தியக் கலாச்சார அமைச்சகம் மாதம் 5,000 ரூபாய் வீதம் இரண்டு வருடம் உதவித்தொகை கொடுக்கிறது, அதற்கு விண்ணப்பிக்கலாம். பெண்களுக்கு ஜமாவில் இடம் இன்னும் எளிதாகக் கிடைப்பதில்லை. அக்கா மகளுக்கு இதை முழுநேர வழியாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. படிப்போடு சேர்த்துக் கற்றுக்கொள் என்றுதான் சொன்னேன்.

பெண்கள் என்றதும் இன்னொன்று. நான் மேலே எழுதிய பெயர்களில் பெண்கள் எத்தனை பேர் என்று பாருங்கள், கைவிரலுக்குள் அடங்கிவிடும். திறமை குறைவால் வந்ததல்ல அது. ஒத்திகை ராத்திரி ஒன்பது பத்துக்கு முடியும். அதற்கு மேல் பஸ் பிடித்துக் கடலூர் வந்து சேர வேண்டுமென்றால் எந்தப் பெண்ணும் மூன்றாவது மாதமே ஒத்திகையைக் குறைத்துக்கொள்வாள், வேடமும் குறையும், பெயரும் பட்டியலில் வராது. புதுச்சேரிக்கு இருபத்தைந்து கிலோமீட்டர்கூட இல்லை, அங்கிருந்து காலாப்பட்டு பக்கம்தானே, தினம் போய் வரலாமே என்று வீட்டில் சொன்னார்கள். வேண்டாம். விடுதியில் இடம் வாங்கித் தங்கட்டும். இதில் நான் விட்டுக்கொடுக்கவே இல்லை.

திருச்சூரைப் பற்றிச் சுருக்கமாக. கோழிக்கோடு பல்கலைக்கழகத்தின் நாடகப் பள்ளி அங்கே அரணாட்டுக்கரையில் இருக்கிறது. சங்கரப்பிள்ளையை முதல் இயக்குநராகக் கொண்டு 1977-ல் வந்தது. இயக்குநர் சியாமபிரசாத், நாடகத்தில் தீபன் சிவராமன், நடிகை கனி குஸ்ருதி எல்லோரும் அங்கே படித்தவர்கள். கனி திருச்சூருக்குப் பிறகு பாரிஸின் ழாக் லெகோக் நாடகப் பள்ளிக்குப் போனார். 2024-ல் கான் திரைப்பட விழாவில் கிராண்ட் பிரி வாங்கிய இந்தியப் படத்தில் முதன்மை வேடம் அவருடையது. மலையாளம் கற்றுக்கொள்ளத் தயாராக இருக்கிற, பிளஸ் டூ முடித்த கையோடு நாடகத்தில் இறங்க நினைக்கிற பிள்ளைக்குத் திருச்சூர் மிக நல்ல இடம். அங்கே இளநிலைப் பட்டமே நாடகத்தில் உண்டு. பி.ஏ. முடித்துவிட்ட, தமிழில்தான் நடிக்கப் போகிற பெண்ணுக்கு அது சுற்று வழி.

ஆக, என் அக்கா மகளுக்கு என் பதில் காலாப்பட்டு. விடுதி வாசம், கூடவே ஆதிசக்தியில் ஒரு பட்டறை, ஒரு கோடையில் கூத்து. இரண்டு வருடத்தில் மேடை அனுபவமும் சேர்ந்துவிடும். நடிப்புதான் தன் வழி என்று அப்போதும் தோன்றினால் என்.எஸ்.டி. பெங்களூரு மையத்தில் நடத்தும் ஒரு வருடப் படிப்புக்கோ டெல்லிக்கோ விண்ணப்பிக்கட்டும். ஆசிரியர் பக்கம் மனம் போனால் நெட் எழுதட்டும். இரண்டு கதவும் திறந்திருக்கும். சினிமா மட்டுமே இலக்கு என்று சொல்லும் பிள்ளைக்கு இதே பதிலை நான் சொல்ல மாட்டேன். அவருக்குக் காலாப்பட்டின் ஆய்வுக் கட்டுரைகளும் அரங்க வரலாறும் பொறுமையைச் சோதிக்கும்.

எந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தாலும் விண்ணப்பம் போடும் முன் ஒரு வேலை செய்யுங்கள். ஐந்து வருடத்துக்கு முன் அங்கே படித்து முடித்த, யாருக்கும் பெயர் தெரியாத இரண்டு பேரைக் கண்டுபிடியுங்கள். நாடகக்காரர்கள் கேட்டால் உதவுவார்கள். போன மாதம் என்ன வேலை செய்தீர்கள், எவ்வளவு வந்தது, கடைசியாக எப்போது மேடையேறினீர்கள் என்று கேளுங்கள். ஒருவர் பெண்ணாக இருப்பது நல்லது. அக்கா மகளுக்கு நான் அப்படி இரண்டு பேருடைய எண்ணை வாங்கிக் கொடுத்திருக்கிறேன், பேசிக்கொண்டிருக்கிறாள். அத்தானுக்கு இன்னும் முழுச் சம்மதம் இல்லை. மாணவர்கள் போடும் அடுத்த நாடகத்தைப் பார்க்கக் காலாப்பட்டுக்கு வருகிறேன் என்று மட்டும் சொல்லியிருக்கிறார்.